“எங்க பள்ளி சின்னப் பள்ளிங்க” என்று ஆரம்பிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கிறேன். கணக்கு ஆசிரியர் இடம் காலி. தற்காலிகமாக ஒருவரை எடுக்க வேண்டும், மூன்று பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். போன தடவை நேர்காணலுக்கு வந்த ஒருவர், “இந்தப் பிள்ளைகளுக்கு அடிப்படையே இருக்காதே” என்றார். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டு, “ஏதோ எங்களால முடிஞ்ச வரைக்கும் நடத்துறோம்” என்று சமாளித்தோம். நல்ல ஆசிரியரை எப்படி அடையாளம் காண்பது? பள்ளியைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் பீற்றிக்கொள்வது போல் ஆகிவிடாதா?

பதில்: அந்த “ஏதோ” என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது அம்மா. நீங்கள் யாரிடமும் உதவி கேட்டு நிற்கவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அமைந்த குழு உங்களுடையது. முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. வேலைக்கு வருபவர் உங்களைத் தேர்வு செய்ய வரவில்லை, நீங்கள்தான் அவரைத் தேர்வு செய்கிறீர்கள். பள்ளிக்காக நீங்களே கூச்சப்பட்டால், வருகிறவர் அதை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போவார்.

பீற்றல் எது என்கிற கவலைக்கு வருகிறேன். “எங்கள் பள்ளி மாவட்டத்திலேயே சிறந்தது” என்றால் அது பீற்றல். “ஆறாம் வகுப்பில் 22 பேர், அதில் 19 பேர் மணி அடிக்கும் முன்பே வந்துவிடுவார்கள்” என்றால் அது தகவல். கணக்கு ஆசிரியரிடம்தானே பேசுகிறீர்கள், எண்களாகவே சொல்லுங்கள்.

என்ன சொல்வது? தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். சுவர் ஓவியமும் ஸ்மார்ட் வகுப்பும் கடைசியில் வரட்டும், முதலில் பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் படித்த பிள்ளைகள் இப்போது மேல் வகுப்புகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே அறையில் குழுவாக உட்கார்ந்து அவரவர் வேகத்தில் வேலை செய்வது அவர்களுக்குப் பழக்கம். வரிசையாக உட்கார வைத்துக் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லியே பழகிய ஆசிரியருக்கு இது இரைச்சலாகத் தெரியும். இதைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது, பலரும் சொல்ல மறப்பது. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மறு வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் அது வந்தது. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு வைக்கிறது. அதாவது உங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்பு வாசலில்தான் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. அங்கே கணக்கு நடத்தப் போகிறவருக்கு இது தெரிய வேண்டாமா? உங்களிடம் ஆறாம் வகுப்பு படித்த பெண்களில் இப்போது எத்தனை பேர் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று ஊருக்குள் விசாரித்து, அந்தப் பக்கத்தில் சேருங்கள்.

நேர்காணலை அறைக்குள் தொடங்காதீர்கள். அரை மணி நேரம் பள்ளியைச் சுற்றிக் காட்டுங்கள். அவர் எங்கே நிற்கிறார், யாரிடம் பேசுகிறார், என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். “ஏ.சி. இருக்கா, எத்தனை மணிக்குக் கிளம்பலாம்” என்று மட்டும் கேட்பவர் ஒரு ரகம். சமையலறை வாசலில் நிற்பவர் வேறு ரகம்.

நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் மாதிரி வகுப்பு எடுக்க வந்தார். பின்னம் நடத்தச் சொன்னோம். வகுப்புக்குப் போகும் வழியில் சத்துணவு அம்மாவிடம், “இன்னிக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு?” என்று கேட்டுக்கொண்டார். 64. பலகையில் அந்த எண்ணை எழுதினார். “ஒரு அட்டையில முப்பது முட்டை. நமக்கு எத்தனை அட்டை வேணும்?” பிள்ளைகள் இரண்டு என்றார்கள், மூன்று என்றார்கள், கொஞ்ச நேரம் சண்டை. கடைசி வரிசைப் பையன் எழுந்து, “ரெண்டு அட்டையும் நாலு முட்டையும் டீச்சர். நாலுக்கு எதுக்கு அட்டை, கையில கொண்டாரலாம்” என்றான். அவர் சிரித்துவிட்டு, அவன் சொன்னதையே கலப்புப் பின்னமாக எழுதினார்: இரண்டு, அப்புறம் முப்பதில் நாலு. சுருக்கச் சொன்னதும் பதினைந்தில் இரண்டு வந்தது. எங்கள் பள்ளியில் என்ன இருக்கிறது என்று நாங்கள் சொல்வதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டார். மதிப்பெண் பட்டியலில் அவர் மூன்றாவது ஆள். அவரைத்தான் எடுத்தோம்.

தனியார் பள்ளி அனுபவத்தைக் குறையாக நினைக்க வேண்டாம், நல்ல உழைப்பாளிகள் அங்கே நிறையப் பேர் உண்டு. ஆனால் ஒன்று கேளுங்கள்: “உங்க வகுப்புல கணக்கு புரியாத பிள்ளைக்கு என்ன செஞ்சீங்க?” டியூஷன் போகச் சொன்னேன் என்பது பதிலானால், உங்கள் ஊரில் அது எடுபடாது. அம்மா நூறு நாள் வேலைக்கும் அப்பா லோடு ஏற்றவும் போகிற வீட்டில், வகுப்பில் புரியாதது வீட்டிலும் புரியாமலேதான் இருக்கும். அதே சமயம், அந்த அம்மாவை ரேஷன் கடை வரிசையிலேயே பார்த்துப் பேசிவிடலாம். பேருந்தில் பிள்ளைகள் வந்து போகும் பெரிய பள்ளி ஆசிரியருக்கு இந்த வசதி கிடையாது.

பலத்தைச் சொல்வதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. கழிப்பறைத் தண்ணீர் பிரச்சினை, ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைப் பார்ப்பது, எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லுங்கள். இது தற்காலிக வேலை, நிரந்தரம் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத்தான் என்பதையும், சுற்றறிக்கையில் உள்ள தொகுப்பூதியத்தையும் ஒளிவில்லாமல் சொல்லுங்கள். 2022இல் இப்படி நியமித்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் என்று ஆரம்பித்தது. அதை நம்பி வீட்டுக் கணக்குப் போட முடியாதவர் நடுவில் போய்விட்டால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

மற்றபடி வழக்கமானவைதான்: பட்டம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) இரண்டாம் தாள் சான்றிதழ்களின் அசலைத் தலைமை ஆசிரியர் பார்க்கட்டும். குழுவில் யாருக்காவது விண்ணப்பதாரர் சொந்தக்காரர் என்றால் அன்றைக்கு அவர் ஒதுங்கிக்கொள்ளட்டும். முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மாதிரி வகுப்புக்கு ஆறாம் வகுப்பையே கொடுங்கள். எட்டாம் வகுப்புக் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி முன்வரிசையில் உட்கார வைக்கும் வேலை வேண்டாம். முட்டையைக் கையில் கொண்டு வரலாம் என்று சொல்லும் பையன் பின்வரிசையில்தான் இருப்பான்.