அடிவரியில் பேசுவது எப்படி? ஈமாக்ஸ் கேள்வி-பதில்

லிஸ்ப் மொழியில் நாமே கோடு எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய ஈமாக்ஸ் எடிட்டரின் திரையில், கடைசி வரி பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். எக்கோ ஏரியா என்று அதற்குப் பெயர், ஈமாக்ஸ் நமக்குச் செய்தி காட்டும் இடம். ஈமாக்ஸ் கேட்பதற்கு நாம் பதில் தட்டச்சு செய்யும் மினிபஃபரும் அதே வரியில்தான் குடியிருக்கிறது. சிக்கல்களில் பாதி இந்த ஒட்டுக்குடித்தனத்தால் வருவதுதான்.

வேலை முடிந்ததும் ஃபைல் பெயரை மெசேஜ் ஃபங்ஷனுக்குக் கொடுத்துக் காட்டுகிறேன். "100%லாபம்" என்ற ஃபைலுக்கு மட்டும் எரர் அடிக்கிறது. ஏன்?

அந்தச் சதவீதக் குறிதான் காரணம். மெசேஜுக்குத் தரும் முதல் ஆர்க்யுமென்ட்டை ஈமாக்ஸ் சும்மா ஒரு வாக்கியமாகப் பார்ப்பதில்லை, ஃபார்மட்டாகப் பார்க்கிறது. % கண்ணில் பட்டதும் அடுத்த எழுத்தைப் படித்து, இங்கே எதை நிரப்புவது என்று தேடும். "%ல" என்று ஒன்று அதற்குத் தெரியாது, கையை விரித்துவிடும். ஆங்கிலத்தில் "50% done" என்று எழுதினால் இன்னும் வேடிக்கை: நடுவில் உள்ள இடைவெளியையும் ஃபார்மட்டில் சேர்த்துக்கொண்டு, 'டி' (d) எழுத்தைப் பார்த்ததும் எண்ணைக் கொடு என்று கேட்கும்.

முதல் இடத்தில் நீங்களே எழுதிய சொற்கள் மட்டும் இருக்கட்டும். ஃபைல் பெயர், தேடிய சொல், இன்னொரு புரோகிராம் தந்த பதில் என வெளியிலிருந்து வருவது எதுவானாலும் இரண்டாம் இடத்துக்குப் போகவேண்டும். முதல் இடத்தில் சதவீதக் குறியும் 'எஸ்' எழுத்தும் (%s) வைத்தால் போதும். சதவீதக் குறியே திரையில் தெரியவேண்டுமானால் %% என்று இரட்டிப்பாக எழுதுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 25-ஆம் பதிப்பிலிருந்து, ஃபார்மட்டில் உள்ள பேக்குவோட்டையும் (`) அபாஸ்ட்ரஃபியையும் (') மெசேஜ் வளைந்த மேற்கோளாக மாற்றிக் காட்டும். ஒரு வரி லிஸ்ப் கோடைக் காட்டி, "இதை காப்பி செய்து ஓட்டுங்கள்" என்று பயனரிடம் சொன்னால் அது ஓடாது. இரண்டாம் இடத்தில் வருவதை அது தொடாது. ஆக இதற்கும் மருந்து அதேதான்.

என் செய்தி கண் இமைப்பதற்குள் மறைந்துவிடுகிறது.

அடுத்த கீயைத் தட்டியதும் மறைவது அதன் இயல்பு. தட்டாமலே மறைந்தால் வேறு ஏதோ அந்த இடத்தைப் பிடித்திருக்கும். லிஸ்ப் எழுதும்போது பெரும்பாலும் எல்டாக் என்ற உதவி வசதிதான்: கர்சர் அரை விநாடி சும்மா இருந்தாலே ஃபங்ஷன் விவரத்தைக் கொண்டுவந்து போட்டுவிடும். கண்ட்ரோல்-எச், பிறகு இ தட்டினால் செய்திகளின் பதிவேடான மெசேஜஸ் பஃபரில் உங்கள் செய்தி பத்திரமாக இருக்கும்.

பயனர் மினிபஃபரில் இருக்கும்போது சொல்ல வேண்டியதற்கு மினிபஃபர்-மெசேஜ் என்று தனி ஃபங்ஷன் உண்டு. அவர் அடித்துக்கொண்டிருப்பதை அழிக்காமல் அதன் வாலில் ஒட்டிக் காட்டி, 2 விநாடியில் எடுத்துவிடும். தயவுசெய்து ஸ்லீப்-ஃபார் போட்டு நிறுத்தி வைக்காதீர்கள், எடிட்டரே உறைந்துபோகும். நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் சிட்-ஃபார். கீ தட்டியதும் அது வழிவிடும்.

ஆயிரக்கணக்கான ஃபைல்களைப் படிக்கும் லூப்பில் ஒவ்வொன்றுக்கும் செய்தி போடுகிறேன். வேகம் குறைகிறது.

குறையாமல் என்ன செய்யும்? அதோடு, மெசேஜஸ் பஃபர் இயல்பாக 1000 வரிதான் வைத்திருக்கும். உங்கள் லூப் ஒரு முறை ஓடினால் அதற்கு முந்தைய பதிவெல்லாம் காலி. ஒரே செய்தி அடுத்தடுத்து வந்தால் எத்தனை முறை என்று எண்ணிக்கை போட்டு ஒரே வரியில் அடக்கும். ஃபைல் பெயர் மாறிக்கொண்டே இருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

புரோகிரஸ் ரிப்போர்ட்டர் இதற்காகவே இருக்கிறது. தொடக்கமும் முடிவும் சொன்னால் சதவீதம் காட்டும், சொல்லாவிட்டால் சுழலும் குறி. லூப்பில் எத்தனை முறை கூப்பிட்டாலும் குறைந்தது 1 சதவீதம் நகர்ந்து, 0.2 விநாடியும் கடந்திருந்தால்தான் திரையைத் தொடும். நடுவில் வரும் சதவீதங்கள் பதிவிலும் ஏறாது.

ஃபைலைச் சேமிக்கும்போதெல்லாம் வரும் அறிவிப்பை நிறுத்த செய்திகளை மறைக்கும் இன்ஹிபிட்-மெசேஜை ஆன் செய்து, ஈமாக்ஸ் தொடங்கும்போது ஓடும் இனிட் ஃபைலில் வைக்கலாமா?

வேண்டாம். உங்களுக்குத் தேவையான செய்திகளும் சேர்ந்து வாயடைத்துப் போகும். சேவ்-சைலன்ட்லி என்ற வேரியபிள் போதும். சேமிப்பில் பிழை வந்தால் அப்போதும் தெரிவிக்கும்.

இன்ஹிபிட்-மெசேஜ், மதிப்பைத் தற்காலிகமாக மாற்றும் ஒரு லெட்டுக்குள், சில வரி கோடுக்கு மட்டும் வைக்க வேண்டியது. அது திரையை மட்டும்தான் மறைக்கும், பதிவு நடந்துகொண்டே இருக்கும். திரையில் தெரியவேண்டும், பதிவாகக் கூடாது என்றால் அதேபோல் லெட்டுக்குள் மெசேஜ்-லாக்-மேக்ஸை நில் (nil, 'இல்லை' என்ற மதிப்பு) ஆக்குங்கள்.

பயனர் தவறு செய்தால் மெசேஜா, எரரா?

யூசர்-எரர். வெறும் மெசேஜ் எதையும் நிறுத்தாது. பதிவுசெய்த கீத்தட்டல்களைத் திரும்ப ஓட்டும் கீபோர்டு மேக்ரோ ஓடிக்கொண்டிருந்தால், தவறான இடத்தில் அது பாட்டுக்குத் தொடர்ந்து நூறு வரியை நாசமாக்கும். எரர் என்றால் மேக்ரோ நின்றுவிடும். ஆனால் சாதாரண எரர், டீபக்-ஆன்-எரர் வைத்திருப்பவருக்கு பிழை தேடும் டீபக்கரைத் திறந்து முன்னால் நீட்டும். கோடில் பிழை இருந்தால் அது நியாயம். கை தவறித் தட்டியதற்கு அவ்வளவு பெரிய பஞ்சாயத்து எதற்கு? யூசர்-எரர் அதைத் திறக்காது.

திரையே இல்லாத பேட்ச் மோடில் ஓடும் ஸ்கிரிப்ட்டின் வெளியீட்டை பைப்பில் இன்னொரு புரோகிராமுக்கு அனுப்பினால் ஒன்றுமே வரவில்லை.

அங்கே மெசேஜ் எழுதுவது ஸ்டாண்டர்ட் எரரில், பைப் எடுத்துச்செல்வதோ ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை. அதில் எழுதும் பிரின்சி (princ) பயன்படுத்துங்கள்.

நீளமான தமிழ்ச் செய்தியை சப்ஸ்ட்ரிங்கால் வெட்டினால் கடைசி எழுத்து சிதைகிறது.

நமக்கு "தமிழ்" மூன்று எழுத்து. ஈமாக்ஸின் கணக்கில் ஐந்து: இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. அந்தக் கணக்கில் மூன்றாவதற்கு முன் வெட்டினால் "தமி" என்பது "தம" ஆகிவிடும். 29-ஆம் பதிப்பில் வந்த ஸ்ட்ரிங்-கிளிஃப்-ஸ்ப்ளிட், திரையில் தெரிகிறபடி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். ஆனால் எதற்கு வெட்ட வேண்டும்? நீளமான செய்தி வந்தால் அடிவரி தானே உயரும், ஃபிரேமின் (ஈமாக்ஸ் ஜன்னலின்) கால் பங்கு வரை. ஒரே வரிதான் வேண்டுமென்று நினைத்தால், "சேமித்தாயிற்று" என்பதை முன்னால் வைத்து ஃபைல் பாதையைப் பின்னால் தள்ளுங்கள்.