ஈறில் ரத்தம், ஆடும் முன்பல்: ஸ்கேலிங் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. ஆறு வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடமாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. வலி இல்லை. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டேன். நானாகவே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி ஐந்து நாள் சாப்பிட்டதும் நின்றது, பிறகு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. இப்போது கீழே ஒரு முன்பல் லேசாக ஆடுகிறது, வாய் நாற்றமும் இருக்கிறது. பல் மருத்துவர் ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார். ஸ்கேலிங் செய்தால் மற்ற பற்களும் ஆடும், பல்லுக்கு நடுவில் சந்து விழும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: செய்துகொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பல்லை ஆட வைத்தது ஈறு நோய். அதை நிறுத்துவதற்கான முதல் சிகிச்சையே இந்த ஆழமான சுத்தம்தான்.

இந்தப் பயம் ஏன் வருகிறது என்று எனக்குப் புரிகிறது. பல வருடங்களாகச் சேர்ந்த பற்காரை, குறிப்பாகக் கீழ் முன்பற்களின் உட்புறத்தில், கெட்டியாகப் படிந்து பல் இடுக்குகளை அடைத்திருக்கும். ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியதுபோல் பற்களைப் பிடித்தும் வைத்திருக்கும். அதை எடுத்ததும் அங்கே ஏற்கெனவே இருந்த சந்து வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறும் வீக்கம் வடிந்து சுருங்குவதால் பல் நீளமாகிவிட்டதுபோலத் தோன்றும். பல்லைத் தாங்கும் எலும்பு நோயால் கரைந்தது அதற்கு வெகுநாள் முன்பே. ஸ்கேலிங் செய்த மறுநாள்தான் அது கண்ணில் படுகிறது, அதனால் பழி ஸ்கேலிங் மேல் விழுகிறது.

உங்கள் வாயில் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் பல்லின் மேல் மெல்லிய படலமாக ஒட்ட ஆரம்பிக்கின்றன. எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து, நாளடைவில் பற்காரையாக இறுகிவிடும். இறுகிய காரை பிரஷுக்கு வராது. படலம் ஈறின் ஓரத்திலேயே தங்கும்போது ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் வரும். இது முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் முழுமையாகச் சரிசெய்துவிடலாம். 1965இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் இதை நேரடியாகக் காட்டினார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடியும் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

ஆக, ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் போடாமல் விட்டது நோய்க்குத்தான் உதவியிருக்கிறது. ரத்தம் வருகிற இடம்தான் அதிகம் சுத்தம் செய்ய வேண்டிய இடம். மென்மையான பிரஷை வைத்து அங்கே பொறுமையாகத் தேயுங்கள். முதல் சில நாட்கள் ரத்தம் வரத்தான் செய்யும். காரையும் எடுத்து, நீங்களும் ஒழுங்காகத் துலக்கினால் ஓரிரு வாரங்களில் நன்றாகக் குறைந்துவிடும்.

முதல் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு நோய் கீழே இறங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எல்லோருக்கும் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு சிறு இடைவெளி உண்டு. அது 4, 5, 6 மில்லிமீட்டர் என்று ஆழமாகிப் பைபோல ஆகிவிடும். பிரஷ் அந்த ஆழத்துக்குப் போகாது. உள்ளே தங்கிய கிருமிகளை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்திலேயே பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. வலி இல்லையே என்று நிம்மதியாக இருந்து, பல் ஆடிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும்.

ஆன்டிபயாடிக் விஷயத்துக்கு வருவோம். குளியலறைத் தரையில் வழுவழுப்பாகப் படியும் பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்துத் தண்ணீரை மேலே ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும். பல்லில் ஒட்டிய கிருமிப் படலமும் அப்படித்தான். மாத்திரையால் கொஞ்ச நாள் அடங்கும், படலமும் காரையும் அப்படியே இருப்பதால் திரும்பி வரும். சில வகை ஈறு நோய்களில் சுத்தம் செய்வதோடு சேர்த்து மருத்துவரே ஆன்டிபயாடிக் தருவார். நீங்களாக மறுபடியும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். குளோர்ஹெக்ஸிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்துக்கும் இதே கதைதான். சிகிச்சைக்குப் பிறகு சில நாட்களுக்கு உதவும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது சர்க்கரை நோய்தான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பும் அதிகம், வேகமும் அதிகம். இது மறுபக்கமும் வேலை செய்கிறது: ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஈறு சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை அளவு) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கண்டிருக்கிறார்கள். அது சின்ன எண் இல்லை. எனவே கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி அறிக்கையைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறு நோய் இருப்பதைச் சர்க்கரை மருத்துவரிடமும் சொல்லுங்கள். சிகிச்சைக்கு வெறும் வயிற்றில் போகாதீர்கள். வழக்கமான மாத்திரையைப் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

வேறு என்ன மருந்துகள் எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் போன்றவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அப்புறம், புகைபிடிப்பவர் என்றால் அதை விட்டே ஆக வேண்டும். புகை, நோயை வளர்த்துக்கொண்டே ரத்தக் கசிவை மட்டும் குறைத்துக் காட்டும், சிகிச்சை தரும் பலனையும் குறைக்கும்.

சிகிச்சை எப்படி இருக்கும்? மெல்லிய அளவுகோல் கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் வைத்துப் பையின் ஆழத்தை அளப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பைப் பார்ப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை படிந்ததைச் சுரண்டி எடுப்பார்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று முறை போக வேண்டியிருக்கும். சில நாட்கள் ஈறு வலிக்கும். வேர்ப்பகுதி வெளியே தெரிவதால் சில வாரங்கள் பல் கூச்சமும் இருக்கும், கூச்சத்துக்கான பற்பசை போதும். இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளப்பார்கள். ஆழம் குறையாத இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சிறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

ஆடும் பல்லைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கரைந்த எலும்பு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. ஆனால் லேசான ஆட்டம், அழற்சி அடங்கியதும் பலருக்குக் குறைகிறது. தேவைப்பட்டால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டுவார்கள். பல் நிலைக்குமா என்பது எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வீட்டில் காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். பிரஷை ஈறு ஓரத்தில் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன அசைவுகளாகத் தேயுங்கள். சந்து விழுந்த இடங்களுக்குப் பல்லிடுக்கு பிரஷ்தான் ஏற்றது. ஒவ்வொரு சந்துக்கும் எந்த அளவு என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈறு வீங்கிச் சீழ் வந்து காய்ச்சலும் இருந்தால், முகம் வீங்கினால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொடாமலே ஈறில் ரத்தம் வழிவது, உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போவது போன்றவை இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

முதல் நாள் அளந்த ஆழங்களை எழுதி ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் எந்தப் பல்லில் ஆழம் குறைந்தது, எங்கே கூடியது என்று அந்தத் தாளை வைத்து நீங்களே கேட்கலாம்.