குன்னூரில் போண்டோலாந்து தென்னை வளருமா? மெனக்கெடலாமா?

வளரும். தாராளமாக மெனக்கெடலாம். குன்னூரில் தென்னை வராது, அதே சாயலில் அபூர்வமாக ஒன்று வைக்க ஆசை, ஆனால் விதை முளைக்கவே யுகமாகும் என்று பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் "அந்த இடத்துல நாலு ரோஜா வைக்கலாமே" என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நான் திருநெல்வேலிக்காரி. வாக்கப்பட்டு வந்தது தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க். டர்பனிலிருந்து மேடேறி வர வேண்டும். குளிர்காலத்தில் சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கோயிலில் உடைக்கும் தேங்காய் எல்லாம் கடையில் வாங்குவதுதான்.

நீங்கள் கேட்கும் மரம் இயற்கையாக வளர்வது தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில், போண்டோலாந்து என்ற கடலோரப் பகுதியில், ம்டென்ட்டு, ம்சிகாபா என்ற இரண்டு ஆறுகள் கடலைத் தொடும் பக்கத்தில் மட்டும். பாறைக் கரையில் தூர் கட்டி, பல தண்டுகளாக எழும்பும். தென்னையின் குடும்பம்தான். காய் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. நாரை உரித்தால் மூன்று கண்ணோடு குட்டித் தேங்காய், உள்ளே வெள்ளைப் பருப்பு.

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, டர்பனில் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து கொட்டைகள் கிடைத்தன. பழைய பெயின்ட் வாளியின் அடியில் துளை போட்டு, ஆற்றுமணல் நிரப்பிப் புதைத்து, அடுப்படிச் சுவரோரம் வைத்தார். பகல் வெயிலில் காய்ந்த செங்கல் ராத்திரியிலும் கதகதப்பாக இருக்கும் இடம் அது. குளிர்காலம் முழுக்க ஒன்றும் வரவில்லை. வாளியைக் கொட்டிவிட்டு மிளகாய் நாற்று விடலாம் என்றார் என் கொழுந்தனார். அத்தை விடவில்லை. தினமும் மணலில் விரலை விட்டு ஈரம் பார்ப்பார். கொட்டையைத் தோண்டிப் பார்க்க யாரையும் அனுமதிக்க மாட்டார். மழை பிடித்த பிறகு, கீற்றாகப் பிரியாத, மடிப்பு மடிப்பான ஒற்றை இலை தலைகாட்டியது. அடுத்த கொட்டை வெகுநாள் கழித்து, தன் இஷ்டத்துக்கு வந்தது.

அப்புறம் முக்கியமானது வேர். குத்துப்பட்டால் இந்தக் கன்று சுணங்கிவிடும். இளசாக இருக்கும்போதே மண் உதிராமல் ஆழமான தொட்டிக்கு மாற்றினார். தரையில் வைத்த பின் தண்ணீர் தாராளம், ஆனால் தேங்கக் கூடாது. இப்போது மதிலுக்கு மேல் தெரிகிறது. லேசான உறைபனிக்கு நுனி கருகியதோடு சரி.

சூடேற்றும் பெட்டியில் சீக்கிரம் முளைக்க வைத்தோம் என்று சிலர் வருவீர்கள். இருக்கட்டும். எங்கள் வாளியில் நடந்ததைத்தான் நான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முன்பு ஒருமுறை இந்த மரத்தைப் பற்றி எழுதியபோது, "தமிழே பேசத் தெரியாதவங்க வீட்டுல தென்னை எதுக்கு" என்று ஒருவர் கேட்டார். அத்தைக்குத் தமிழ் எழுத வராது, உண்மைதான். 1860 முதல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர் அவர். பள்ளியில் தமிழ் படிக்க அவருக்கு வழியில்லை. ஆனாலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் ஒரு வருடம் விட்டதில்லை. ஊரில் உட்கார்ந்துகொண்டு இவர்களை அரைத் தமிழர் என்று பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, விதை விஷயம். ஆற்றங்கரையில் பொறுக்கியது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அங்கே இருப்பதே கொஞ்சம். தோட்டத்து மரத்தில் காய்த்ததா என்று கேளுங்கள். இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றும் இல்லாமல் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரவும் வேண்டாம். தென்னைக்குச் சொந்தக்கார மரம், நோய் கூடவே வந்தால் நம் ஊர்த் தோப்புகளுக்குத்தான் கேடு.