ஏரோ தீவில் கல்யாணம், மதுரையில் தாலி: எது திருமண நாள்?

கேள்வி: நான் மதுரைக்காரி, இந்தியக் குடிமகள். நான்கு ஆண்டுகளாக ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட்டில் புளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளருக்கான வேலை, குடியிருப்பு அனுமதி) வேலை பார்க்கிறேன். 2022-இல் மதுரைக் குடும்ப நீதிமன்றத்தில் எனக்குப் பரஸ்பர சம்மத விவாகரத்து ஆனது. முன்னாள் கணவரும் இந்தியக் குடிமகன்தான். இப்போது மணக்கப்போகிறவர் ஜெர்மனியிலேயே பிறந்த ஈழத்தமிழர், ஜெர்மன் குடிமகன். இங்குள்ள பதிவு அலுவலகம் கேட்கும் காகிதங்களைப் பார்த்து மலைத்துப்போய், டென்மார்க்கில் மணம் முடிக்கலாம் என்றிருக்கிறோம். எனக்கு ஏரோ தீவு ஆசை. அவர் கோபன்ஹேகன் என்கிறார். எந்த ஊரில் செய்தால் சட்டப்படி வலு? அப்புறம் மதுரையில் கோயிலில் தாலி கட்டியே ஆக வேண்டும் என்கிறார் அம்மா. அதையும் பதிவு செய்து வைக்கலாமா?

பதில்: ஊர்ச் சண்டையை முதலில் தீர்த்துவிடுகிறேன். வலுவில் எந்த வித்தியாசமும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல், வெளிநாட்டவர் டென்மார்க்கில் மணம் முடிக்கலாமா என்பதைச் சரிபார்ப்பது அந்தந்த ஊர் நகராட்சி அல்ல. ஃபமிலியரெட்ஸ்ஹூசெட் என்ற ஒரே மைய அலுவலகம்தான் எல்லோருக்கும் சான்றிதழ் தருகிறது. அந்தச் சான்றிதழோடு எந்த நகராட்சிக்கும் போகலாம். முன்பு ஊருக்கு ஊர் கெடுபிடி வேறுபட்டது. “அங்கே போனால் சுலபம்” என்று இன்னமும் யாராவது சொன்னால் அது பழைய கதை.

அப்படியானால் ஊரை மனசுக்குப் பிடித்தபடி எடுங்கள், கூட வருகிறவர்களின் முழங்காலையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டு. ஏரோவுக்குப் பாலம் கிடையாது. ஸ்வென்போர்கிலிருந்து ஏரோஸ்கோபிங்குக்குப் படகில் ஒன்றேகால் மணி நேரம். வண்ணம் பூசிய பழைய வீடுகள், கடற்கரையில் வரிசையாகக் குட்டி மரக்குடில்கள். இருவர் மட்டும் போவதாக இருந்தால் உங்கள் பக்கம்தான் நான். பெரியவர்கள் வந்தால் ரீபெ நல்லது. டென்மார்க்கின் மிகப் பழைய ஊர், நடுவில் பேராலயம், சுற்றிலும் கல் பாவிய தெருக்கள், படகு ஏற வேண்டியதில்லை. கோபன்ஹேகனில் விமானத்தை விட்டு இறங்கியதும் வேலையைப் பார்க்கலாம். உங்களவர் அதற்காகத்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.

எந்த ஊரானாலும் ஒன்று பொது. அசல் ஆவணங்களைத் திருமணத்துக்கு முன்பே நகராட்சி அலுவலகத்தில் நேரில் காட்ட வேண்டும், பெரும்பாலும் முந்தைய வேலை நாளில். எனவே ஒரு இரவாவது தங்கத்தான் வேண்டும். சாட்சிகள் இருவர் தேவை. உங்களோடு யாரும் வராவிட்டால் நகராட்சியே ஏற்பாடு செய்யும். ஆங்கிலத்தில் நடத்தித் தருவார்கள்.

ஜெர்மனியில் ஏன் அத்தனை காகிதம் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெளிநாட்டவர் தம் நாட்டிலிருந்து திருமணத் தகுதிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்கிறது ஜெர்மன் சிவில் சட்டத்தின் 1309-ஆம் பிரிவு. அவர்கள் கேட்கும் வடிவில் இந்தியா அப்படி எதையும் தருவதில்லை. எனவே மாநில மேல் நீதிமன்றத் தலைவரிடம் விலக்கு வாங்க வேண்டும். போதாக்குறைக்கு இந்திய அப்போஸ்டில் முத்திரையை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளுக்காக அரசு போடும் முத்திரையை, ஜெர்மனி ஏற்பதில்லை. தூதரகம் வழியாக ஊரிலேயே ஆள் விட்டு ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். மாதக்கணக்கில் இழுக்கும். டென்மார்க்கில் இந்தச் சுற்று இல்லை. குறுக்குவழி என்று கூச்சப்பட வேண்டாம், முழுக்கச் சட்டபூர்வமான வழி இது.

ஆனால் காகிதமே இல்லாத கல்யாணம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் விவகாரத்தில் கனமான காகிதம் விவாகரத்துத் தீர்ப்புதான். சான்றிட்ட நகல் வாங்கி, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போட்டு வையுங்கள். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். பாஸ்போர்ட், புளூ கார்டு, இருவரும் உண்மையிலேயே இணையர் என்பதற்கான படங்கள், பயண விவரங்கள் ஆகியவற்றையும் கேட்பார்கள். விசாவுக்காகச் செய்யும் போலித் திருமணம் என்ற சந்தேகம் வந்தால் மறுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கட்டணம் கட்டி இணையத்தில் விண்ணப்பித்து, சான்றிதழ் கைக்கு வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். அதன் ஆயுள் 4 மாதம். அதற்குள் மணம் முடிந்தாக வேண்டும்.

ஜெர்மனி உங்கள் இந்திய விவாகரத்தை ஏற்குமா என்ற கவலை உங்களவருக்கு இருக்கலாம். வெளிநாட்டு விவாகரத்துக்குப் பொதுவாக அங்கே தனி அங்கீகாரம் வாங்க வேண்டும். ஆனால் கணவன் மனைவி இருவரும் எந்த நாட்டுக் குடிமக்களோ அந்த நாட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தால் விலக்கு உண்டு. நீங்கள் அந்த விலக்குக்குள் வருகிறீர்கள். நிம்மதியாக இருங்கள்.

டேனிஷ் திருமணச் சான்றிதழ் ஐந்து மொழிகளில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அதற்கு அப்போஸ்டில் தேவையில்லை, இந்தியாவுக்குத் தேவை. டென்மார்க் வெளியுறவு அமைச்சகம் போட்டுத் தரும். கையோடு வாங்கிவிடுங்கள், பிறகு கடிதப் போக்குவரத்து அலுப்பு. திருமணம் ஆனதால் பெயர் தானாக மாறாது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் வேண்டுமென்றால் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின் கீழ், அந்நாட்டுச் சட்டப்படி நடந்த திருமணத்தை இந்தியத் தூதரகத் திருமண அலுவலரிடம் பதிவு செய்யவும் வழி உண்டு. கட்டாயமில்லை என்றாலும், பின்னாளில் இந்திய நீதிமன்றம் எதற்காவது தேவைப்பட்டால் கைகொடுக்கும். அதற்கு மணமகனுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். டென்மார்க்கில் 18 போதும் என்பதால் சொல்லி வைக்கிறேன், உங்களுக்குப் பொருந்தாது.

இனி அம்மாவின் தாலி. கட்டுங்கள், யாரும் தடுக்க முடியாது. ஆனால் டென்மார்க்குக்குப் பிறகு கட்டுங்கள். இருவரும் இந்துக்களாக இருந்து முதலில் கோயிலில் தாலி கட்டினால், இந்து திருமணச் சட்டப்படி அதுவே திருமணமாகிவிடலாம். அதன் பின் டேனிஷ் படிவத்தில் “விவாகரத்தானவர்” என்று எழுதினால் பொய் வாக்குமூலம்.

பிறகு கட்டினால் அது சடங்கு. அதை இன்னொரு திருமணமாகப் பதிவு செய்யாதீர்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 இருக்கிறதே என்று கோயில் ரசீதோடு சார்பதிவாளரிடம் ஓடி, இரண்டு தேதிகளில் இரண்டு சான்றிதழ் வாங்கிய ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். விசா அலுவலகம் கேட்ட ஒரே கேள்வி: “இதில் எது உண்மை?” விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோனார்கள். உங்கள் திருமண நாள் டென்மார்க் சான்றிதழில் உள்ளதுதான், எந்தப் படிவத்திலும் அதையே எழுதுங்கள். மதுரை அழைப்பிதழில் “திருமணம்” என்றே அச்சடிக்கலாம், அதற்குச் சட்டம் குறுக்கே வராது.

அம்மாவும் டென்மார்க்குக்கு வருவதாக இருந்தால் ஷெங்கன் விசாவை (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) எந்த நாட்டிடம் கேட்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். உங்களோடு ஷ்டுட்கார்ட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு இரண்டு நாள் டென்மார்க் போவதென்றால் ஜெர்மனியிடம்; திருமணத்துக்கு மட்டும் வந்து திரும்புவதென்றால் டென்மார்க்கிடம்.