மேதையிடம்தான் தோற்றோமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் மடிக்கணினிகள் நிறைந்த பெட்டியோடு வெளியே போனார். கழுத்தில் அட்டை, முகத்தில் வேலை செய்த அலுப்பு. சுமையோடு வருகிறாரே என்று நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டேன். மாலையில்தான் தெரிந்தது, திருடன். மனித மனத்தைப் படிக்க இவர்களுக்குத் தனி மூளை உண்டா? முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? வெட்கமாக இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? சுமையோடு வருபவருக்குக் கதவைப் பிடிப்பது நல்ல குணம், அதை விட்டுவிடாதீர்கள். முகம் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2006 இல், பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், மெய்யையும் பொய்யையும் பிரித்துச் சொல்வதில் மனிதர்கள் எடுத்தது சராசரியாக 54 சதவீதம். நாணயம் சுண்டினாலே ஐம்பது வந்துவிடும்.

ஆனால் ‘தனி மூளை’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

கொஞ்ச நாளாக மோனாலிசா திருட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1911 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. முன்பு அங்கே வேலை பார்த்த வின்சென்சோ பெருஜ்ஜா, ஊழியர்கள் போடும் வெள்ளை மேலங்கியில் ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கினான். மரப்பலகையில் தீட்டியது, சுருட்டவும் முடியாது. மாடிப்படிக் கதவு திறக்கவில்லை. பிடியைக் காணோம் என்று அலுத்துக்கொண்டான். அந்தப் பக்கம் வந்த குழாய் வேலைக்காரர் தன் சாவியால் திறந்துவிட்டார். உங்களுக்கு ஒரு முன்னோடி!

மறுநாள் சுவர் காலியாக இருந்தது. புகைப்படம் எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று காவலர்கள் நினைத்தார்கள். அங்கே வந்த ஓவியர் ஒருவர் விடாமல் கேட்ட பிறகுதான் விசாரித்தார்கள்.

சரி, இது எல்லோரும் சொல்லும் கதை. என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. இவ்வளவு பெரிய திருட்டென்றால் பின்னால் பெரிய ஆள் இருக்க வேண்டும் என்று போலீஸ் தேடியது. கவிஞர் அப்பொலினேரைச் சிறையில் வைத்தார்கள். பிக்காசோவை விசாரித்தார்கள். பெருஜ்ஜாவிடமும் போனார்கள், அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். ஓவியங்களுக்குக் கண்ணாடி பொருத்திய கூலிக்காரனிடம் மோனாலிசா இருக்குமா என்ன! காவலர்களின் அனுமானம் அவனுக்கு ஒரு நாளைக் கொடுத்தது. மேதையைத் தேடிய அனுமானம் இரண்டு வருஷத்துக்கு மேல் கொடுத்தது. கே., நீங்கள் செய்வது இந்த இரண்டாவதைத்தான்.

உங்கள் அலுவலகத்திலும் இப்போது பெரிய சூத்திரதாரி யார் என்றுதான் பேச்சு ஓடும். அந்த அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று ஏன் ஒருவர்கூடப் படிக்கவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். மேதையிடம் தோற்றோம் என்று சொல்லிக்கொண்டால் மானம் போகாது, பாருங்கள்.

அப்புறம் அந்தத் ‘தனி மூளை’ என்ன செய்தது தெரியுமா? 1913 இன் கடைசியில் ஃபுளோரன்ஸ் நகரக் கலைப்பொருள் வியாபாரி ஒருவருக்கு, ஓவியம் என்னிடம் இருக்கிறது என்று தானே கடிதம் எழுதியது. மோனாலிசாவைத் தீட்டியவரின் பெயரிலேயே, லியோனார்டோ என்று கையெழுத்து வேறு! வியாபாரியும் உஃபிஸி அருங்காட்சியக இயக்குநரும் வந்து பார்த்தார்கள். அசல்தானா என்று சோதிக்க வேண்டும், ஓவியம் எங்களிடம் இருக்கட்டும் என்றார்கள். பெரிய மனிதர்கள் ஆயிற்றே, நம்பிக் கொடுத்துவிட்டான். போலீஸ் விடுதி அறைக்கே வந்து அவனைப் பிடித்தது.