சிம்கோ ஏரியில் படகு ஓட்டலாமா? நோர்வூட் தம்பிக்குப் பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில், சிம்கோ ஏரிக்கரையில் உள்ள பேரி நகருக்கு வந்து முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டீர்கள். வேலைத்தளத்தில் கூட இருப்பவர்கள் சேர்ந்து ஒரு சின்ன அலுமினியப் படகு வாங்கப் போகிறார்கள், உங்களையும் கூப்பிடுகிறார்கள். "காசல்ரீ நீர்த்தேக்க ஓரத்தில் வளர்ந்தவன் அண்ணே, வள்ளம் எனக்குப் புதிதில்லை. இங்கே மோட்டார் படகு ஓட்ட லைசன்ஸ் வேண்டுமா? நீச்சல் அவ்வளவாக வராது, வீட்டில் பயப்படுகிறார்கள். போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். மஸ்கெலியாவில் என்னை வளர்த்தவர்கள் "தண்ணிப் பக்கம் போகாதே" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். இங்கே வந்த நம் ஆட்கள் பலர் கரையில் கோழி சுட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதோடு சரி. அந்த ஏரி உங்களுக்கும் உரியது. ஆனால் ஓட்டுகிற இடத்தில் உட்காருவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. நீங்கள் கேட்ட லைசன்ஸுக்கு இங்கே ஒரு கார்ட் இருக்கிறது, அதை எடுப்பது ஒரு விடுமுறை நாளில் முடிந்துவிடும். படகைக் கையாளப் பழகுவதற்கு இந்தக் கோடை முழுவதும் வேண்டும். முதலாவதை முடித்த கையோடு இரண்டாவதும் வந்துவிட்டது என்று நினைப்பதில்தான் வில்லங்கம் தொடங்குகிறது.

கார்ட் விஷயம் சின்னது. இலங்கை சாரதி அனுமதிப்பத்திரமோ ஒன்ராறியோவின் ஜி கார் லைசன்ஸோ தண்ணீரில் செல்லாது. மோட்டார் பூட்டிய எந்த உல்லாசப் படகுக்கும் 'பிளெஷர் கிராஃப்ட் ஒப்பரேட்டர் கார்ட்' வேண்டும். மோட்டார் எவ்வளவு சின்னதானாலும், பற்றரியில் ஓடினாலும் இதே சட்டம்தான். 2009 செப்டெம்பர் 15 முதல் எல்லா வயதினருக்கும் இது கட்டாயம். துடுப்பு வலிக்கிற கனூ, கயாக்குக்குத் தேவையில்லை. கனடா அரசின் போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடா அங்கீகரித்த நிறுவனங்களில் இணையத்திலேயே படித்துச் சோதனை எழுதலாம். 50 கேள்விகளில் 38 சரியாக வந்தால் பாஸ். கார்ட் வாழ்நாள் முழுக்கச் செல்லும். இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 250 டொலர் தண்டம். அப்புறம், இது ஓட்டுபவருக்கான கார்ட். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேல் மோட்டார் இருந்தால் படகுக்கும் தனியாக இலக்கம் எடுத்து, முன்பக்கம் இரண்டு புறமும் குறைந்தது 7.5 சென்ரிமீற்றர் உயர எழுத்தில் ஒட்ட வேண்டும். அது வாங்குகிறவர்களின் பொறுப்பு என்றாலும், ஏறுவதற்கு முன் நீங்கள் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்காக விதிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். எதிரே வருபவன் அடுத்து என்ன செய்வான் என்று உங்களுக்கும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவனுக்கும் தெரிவதற்காகத்தான் அந்த விதிகள். நம்மில் பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் முதல் விதியிலேயே வருகிறது. ஹற்றன் வீதியில் எதிரே பஸ் வந்தால் கை தானாக இடப்பக்கம் ஒடிக்கும். தண்ணீரில் நேருக்கு நேர் வரும் இரண்டு மோட்டார் படகுகளும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இது கனடாவுக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளிலிருந்து வருவது, திருகோணமலையிலும் இதுதான். கார் ஓட்டி இங்கே வலப்பக்கம் பழகியிருந்தாலும், பதற்றத்தில் கை பழைய பக்கத்துக்கே போகும். அதனால் இதை வாயால் சொல்லிச் சொல்லியே பழகுங்கள்.

குறுக்கே வருபவர்கள் விஷயத்தில், உங்கள் வலப்பக்கமிருந்து வரும் மோட்டார் படகுக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். வழிவிடுவது என்றால் கடைசி நேரத்தில் லேசாக ஒடிப்பது இல்லை. முன்கூட்டியே, அவன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி வேகத்தைக் குறைத்து அல்லது நன்றாகத் திரும்பி அவனுக்குப் பின்னால் போக வேண்டும். இடப்பக்கமிருந்து ஒருவன் வந்தால் அவன் உங்களுக்கு வழிவிடுவான், நீங்கள் அதே திசையில் அதே வேகத்தில் போக வேண்டும். அவன் விடாமல் வந்தால்? மோதலைத் தவிர்ப்பது அப்போது உங்கள் கடமையும் ஆகிவிடுகிறது. "எனக்குத்தானே முன்னுரிமை" என்று நேராகப் போய் மோதினால் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. முந்திச் செல்பவர் யாராக இருந்தாலும் அவர்தான் ஒதுங்க வேண்டும். பாய்மரத்தில் மட்டும் போகும் படகுக்கு மோட்டார் படகு வழிவிட வேண்டும், அது உங்களை முந்தி வராத வரைக்கும்.

இருட்டில் இதையெல்லாம் வெளிச்சம் சொல்லித் தரும். ஒவ்வொரு மோட்டார் படகுக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. உங்கள் முன்னால் குறுக்கே போகும் ஒன்றின் சிவப்பு தெரிந்தால் அது உங்கள் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போகிறது, நீங்கள் வழிவிடுங்கள். பச்சை தெரிந்தால் வழிவிட வேண்டியது அவன். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேரே உங்களை நோக்கி வருகிறான், வலப்பக்கம் திரும்புங்கள். ஆனாலும் முதல் கோடையில் சூரியன் மறைவதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

மிதவைகளுக்கு வருகிறேன். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோவில் வெளியே தெரியும், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிறைந்து நிற்கும்போது அந்தச் சுவர் எங்கே, பட்ட மரம் எங்கே என்பது வள்ளக்காரரின் நினைவில் இருக்கும். இங்கே அந்த வேலையை மிதவைகளும் நீர்வரைபடமும் செய்கின்றன. மேல்நீரோட்டத்தை நோக்கிப் போகும்போது சிவப்பு மிதவை உங்கள் வலப்பக்கமும் பச்சை இடப்பக்கமும் இருக்க வேண்டும். கடலோரத்தில் இருந்து வந்த நண்பர்கள் யாராவது இதைக் கேட்டால் நேர்மாறு என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரி. உலகம் இதில் இரண்டு பிரிவாக இருக்கிறது. இலங்கை ஒன்றில், வட அமெரிக்கா மற்றதில். மேல்நீரோட்டம் எது என்பதையும் வரைபடத்தில் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஏரி, ட்ரென்டனிலிருந்து ஜோர்ஜியன் விரிகுடா வரை 386 கிலோமீற்றர் ஓடும் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியின் ஒரு பகுதி. அந்த வழியில் படகைத் தண்ணீரோடு தூக்கி இறக்கும் கேர்க்ஃபீல்ட் தூக்கு மதகைத் தாண்டினால் மிதவைகளின் பக்கம் மாறிவிடும். கறுப்பும் மஞ்சளும் கலந்த மிதவை கண்டால், மேலேயுள்ள கூம்புகள் இரண்டும் மேல் நோக்கி இருந்தால் அதற்கு வடக்காலும், கீழ் நோக்கி இருந்தால் தெற்காலும் போங்கள். கிழக்கு, மேற்குக்கான மற்ற இரண்டையும் பாடத்தில் படிப்பீர்கள். கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. இதற்குப் பலகை எல்லா இடத்திலும் இருக்காது, இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கோடை முழுக்க ஆகும் என்று நான் சொன்ன வேலை. வேகமாக ஓட்டுவதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, வேகம் கூட்டும் பிடியான த்ரொட்டிலைத் தள்ளினால் போகும். மெதுவாகப் போகும்போதுதான் படகு சொல்வழி கேட்காது. அதற்குப் பிரேக் இல்லை. நியூட்ரலில் போட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். படகின் பின்னால் வெளியே பூட்டும் அவுட்போர்ட் மோட்டாரில் ஸ்டியரிங் என்பது விசிறி தள்ளும் திசைதான். கியரில் இல்லாவிட்டால் சக்கரத்தை எவ்வளவு சுற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. கார் முன்பக்கத்தால் திரும்பும், படகு பின்பக்கத்தால் திரும்பும். நீங்கள் வலப்பக்கம் திருப்பினால் பின்பக்கம் இடப்பக்கமாக வீசிக்கொண்டு போகும். துறையை ஒட்டி நிற்கும்போது சக்கரத்தை வெளிப்பக்கம் ஒடித்துப் புறப்பட்டால் பின்பக்கம் துறையில் போய் அடிப்பது இதனால்தான். அதோடு உங்கள் நண்பர்கள் வாங்குவது போன்ற எடை குறைந்த அலுமினியப் படகின் முன்பக்கத்தைக் காற்று காகிதம் மாதிரித் தள்ளிவிடும்.

துறையில் கட்டுவதை இப்படிப் பழகுங்கள். கயிறுகளையும் பக்கத்தில் தொங்கவிடும் ஃபெண்டர்களையும் தூரத்திலேயே தயார் செய்துவிடுங்கள். கொஞ்ச நேரம் நியூட்ரலில் நின்று காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முடிந்தவரை காற்றுக்கு எதிராகவே வாருங்கள், காற்றே உங்களுக்குப் பிரேக் போடும். 20, 30 பாகைச் சாய்வில், முன் கியரில் ஒரு கணம், நியூட்ரலில் சில கணம் என்று விட்டு விட்டு வரவேண்டும். முன்பக்கம் கிட்ட வந்ததும் சக்கரத்தைத் துறையிலிருந்து விலகும் பக்கம் திருப்பி ஒரு தொடுகை கொடுங்கள், படகு துறைக்கு இணையாகத் திரும்பும். அப்புறம் சக்கரத்தைத் துறைப்பக்கம் முழுக்கத் திருப்பி, ரிவர்ஸில் லேசாக ஒரு தொடுகை. படகும் நிற்கும், பின்பக்கமும் துறையை நோக்கி இழுபட்டு வந்து ஒட்டும். வரிசை பிசகிவிட்டால் வெளியே போய்த் திரும்ப வாருங்கள், அதில் வெட்கமே இல்லை. படகுக்கும் துறைக்கும் நடுவில் கையையோ காலையோ வைத்து நிறுத்த யாரையும் விடாதீர்கள். முன்னால் இருப்பவர் குதித்துக் கயிறு பிடிப்பதும் வேண்டாம்.

இதை ஆள் இல்லாத திறந்த தண்ணீரில் பழகிவிட்டு அப்புறம் துறைக்கு வரலாம். பழைய மிதக்கும் மெத்தை ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். காற்றுக்கு எதிராக அதை நோக்கி வந்து, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் படகை நிறுத்துங்கள். ஒரு ஆள் தண்ணீரில் விழுந்தால் மீட்பதும் இதே வேலைதான். ஆள் கிட்ட வரும்போது மோட்டாரை நிறுத்திவிட வேண்டும் என்பது ஒன்றுதான் கூடுதல். சிவப்புக் கயிறு ஒன்று மோட்டாரில் இருக்கும். அதன் மறுமுனையை உங்கள் உயிர்காப்பு ஜாக்கெட்டில் மாட்டுங்கள். நீங்கள் விழுந்தால் மோட்டார் தானாக நிற்கும்.

குளிரைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு நினைப்பு உண்டு. ஜனவரி விடியலில் நுவரெலியாவில் புல் வெள்ளையாக உறைவதைப் பார்த்தவர்கள், விடியப்புறம் பைப்படியில் குளித்தவர்கள், நமக்கு என்ன என்று. ஏரித் தண்ணீர் அப்படி இல்லை தம்பி. சிம்கோ குளிர்காலத்தில் உறைகிற ஏரி. மே மாத நீண்ட வார இறுதியில் வெயில் சுள்ளென்று அடிக்கும், எல்லோரும் படகை இறக்குவார்கள், தண்ணீர் அப்போதும் உயிரை எடுக்கும் குளிர். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று எளிதாக நினைவில் வைக்கும்படி சொல்லித் தந்தார். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, தானாக இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்கு அடியில் இருந்தால் அதோடு முடிந்தது. அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். குளிரால் நினைவு தப்புவதற்குச் சுமார் 1 மணி நேரம் இருக்கிறது. அந்த முதல் நிமிடத்தில் நல்ல நீச்சல்காரனும் திணறுவான், அப்போது தலையை மேலே வைத்திருப்பது ஜாக்கெட் மட்டும்தான். ஒவ்வொருவருக்கும் அளவான ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தால் போதாது, துறையில் ஏறும்போதே போட்டு, பெல்ட்டை இறுக்கி, இறங்கும்வரை கழற்றாமல் இருங்கள். தண்ணீருக்குள் விழுந்தபின் அதைப் போட முடியாது. நீச்சலையும் விட்டுவிடாதீர்கள், நகரசபைத் தடாகங்களில் பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு.

கெம்பன்ஃபெல்ட் விரிகுடா பேரிக்கு முன்னால் அமைதியாகத் தெரியும். அதைத் தாண்டித் திறந்த ஏரிக்குப் போனால் காற்று எழும்பும் வேகம் வேறு, அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வரும். அப்படி வந்தால் வேகத்தைக் குறைத்து, அலையை நேராகவும் இல்லாமல் பக்கவாட்டிலும் இல்லாமல் சரிவாக எடுத்து, எல்லோரையும் கீழே உட்காரச் சொல்லுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பது படகில் ஒட்டிய தகட்டில் இருக்கும். இன்னும் ஒருவர்தானே என்று யாராவது சொன்னால், நீங்களே இறங்கிக்கொள்ளுங்கள். பியர் விஷயமும் அப்படித்தான். படுக்கை, சமையல், கழிப்பறை நிரந்தரமாக உள்ள படகு நங்கூரமிட்டோ கட்டியோ நிற்கும்போது மட்டுமே ஒன்ராறியோவில் குடிக்கலாம். உங்கள் நண்பர்களின் படகில் ஓட்டாதவர்களும் குடிக்கக் கூடாது. வெறியில் படகு ஓட்டிப் பிடிபட்டால் கார் லைசன்ஸும் போகும்.

வீட்டில் பயப்படுகிறார்கள் என்றீர்களே. முதல் வாரங்கள் பழகியபின், காற்றில்லாத ஒரு காலையில் வீட்டில் இருப்பவரையும் கூட்டிப் போங்கள். அவர் அளவுக்கு ஒரு ஜாக்கெட் வாங்குங்கள். மோட்டாரை எப்படி நிறுத்துவது, கயிறு எங்கே, 15 மீற்றர் மிதக்கும் கயிறை விழுந்தவருக்கு எப்படி எறிவது, அவசர உதவி இலக்கமான 911க்கு அழைத்து எந்தக் கரையைச் சொல்வது என்று அவருக்கும் காட்டிக் கொடுங்கள். நீங்களே தண்ணீரில் விழுந்தால் படகில் மிஞ்சியிருப்பது அவர்தான். டிரான்ஸ்போர்ட் கனடாவின் சேஃப் போட்டிங் கைட் என்ற வழிகாட்டி நூல் இலவசமாகக் கிடைக்கும். கார்டுக்குப் படிக்கும்போது அதை இரண்டு பேருமாகச் சேர்ந்து வாசியுங்கள்.