தலையணை காயாத ஊரில் விடுதி நடத்துபவர்களுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று படுக்கையைப் பற்றியவை. ஏப்ரல் சீசனுக்கு முன்பே பலருக்கும் உதவும் என்பதால் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். ஆள் மாறும்போதெல்லாம் பெட்சீட்டும் தலையணை உறையும் துவைத்துத்தான் போடுகிறோம். அப்படியும் தலையணையில் ஒரு மாதிரி மணம் வருகிறது என்று இரண்டு குடும்பங்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். வாசனை ஸ்பிரே அடித்தும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்?
வாசகி, நுவரெலியா

பதில்: தங்கச்சி, முதலில் அந்த ஸ்பிரேயை நிறுத்துங்கள். ஏற்கெனவே காயாமல் கிடக்கிற பஞ்சுக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஈரத்தைத்தான் அது சேர்க்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன என்று நினைக்கிறேன், ஒன்று எண்ணெய், மற்றது ஈரம்.

எண்ணெயைப் பார்ப்போம். நம் ஆட்கள் தலைக்கு வைப்பது தேங்காய் எண்ணெய், அது சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் உறைந்துவிடும். உங்கள் ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பைப்பில் வரும் தண்ணீர் அந்தச் சூட்டுக்குக் கிட்டவே வராது. காலையில் போத்தலுக்குள் எண்ணெய் வெள்ளையாகக் கட்டி நிற்கிறதே, உறையின் நூலுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும், பச்சைத் தண்ணீரில் எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கசக்கினாலும் முழுதாகப் போகாது. ஒவ்வொரு விருந்தாளியின் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கி, நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். சந்தேகமாக இருந்தால், துவைத்துக் காய்ந்த உறையை ஸ்திரி போடும்போது முகர்ந்து பாருங்கள், சூடு பட்டவுடன் வாடை கிளம்பினால் எண்ணெய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அதனால் தலையணை உறைக்காவது சுடுதண்ணீர் வேண்டும். தலை படுகிற நடுப்பகுதியில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டு, பிறகு ஊறப் போடுங்கள். கொதித்த தண்ணீர் இரண்டு வாளிக்குப் பைப் தண்ணீர் ஒரு வாளி என்று கலந்தால், பேசின், துணி எல்லாம் சூட்டை இழுத்தது போக 60 பாகைக்குப் பக்கத்தில் நிற்கும். படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி, மூட்டைப்பூச்சி எல்லாம் தாங்காத சூடு அது, கையும் தாங்காது, தடியால் கிளறுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அப்புறம் ஈரம், உண்மையான தலைவலி இதுதான். குளிரில் எதைத் தொட்டாலும் ஈரமாக இருப்பது போலவே தெரியும், உண்மையில் ஈரமாக இருப்பதோ வெறும் குளிர்ச்சி என்று தோன்றும், ஆகவே தலையணை காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுச் சொல்ல உங்கள் ஊரில் முடியவே முடியாது. துவைக்கும் முன், நன்றாகக் காய்ந்திருக்கும்போதே தலையணையை நிறுத்து, எடையை அதன் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். சமையலறைத் தராசு போதும். துவைத்த பிறகு அந்த எடைக்குத் திரும்பி வரும்வரை அது காயவில்லை, வெளியே தொட எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் சரி.

இலவம் பஞ்சுத் தலையணை என்றால் தண்ணீரில் போடவே வேண்டாம், பஞ்சு கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும், நடுவில் இருக்கிற ஈரம் மழை நாளில் எத்தனை நாளானாலும் போகாது, பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு வெயிலும் தட்டலும்தான். பொலியெஸ்டர் தலையணையைத் துவைக்கலாம், ஆனால் அதற்கும் காலம் பார்க்க வேண்டும். நுவரெலியாவில் பெப்ரவரி, மார்ச் தான் நல்ல வெயில் நாட்கள், சீசன் கூட்டம் வருவதற்கு முன் அப்போதே மொத்தத்தையும் முடித்துவிடுங்கள். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வரண்ட காற்று வீசும், அவர்களுக்கு அதுதான் தருணம். மற்ற மாதங்களில் தலையணையை நனைக்காமல் காப்பதுதான் வழி, அதாவது வெளி உறைக்குள்ளே சிப் வைத்த இன்னொரு நெருக்கமான துணி உறை. அழுக்கும் எண்ணெயும் அதோடு நின்றுவிடும், மாதம் ஒருமுறை அதைக் கழற்றித் துவைப்பது முழுத் தலையணையைத் துவைப்பதைவிட எவ்வளவோ இலகு. இரண்டாக மடித்தால் திரும்ப விரியாமல் அப்படியே கிடக்கிற தலையணையை மட்டும் தூக்கிப் போடுங்கள், அதைத் துவைத்துப் பிரயோசனம் இல்லை.

ஆள் போனவுடன் கட்டிலை விரித்து அழகாக மூடிவிடாதீர்கள். மெத்தையைத் திறந்து போட்டு, யன்னலைத் திறந்து, காலை வெயில் இருக்கும்வரை காற்றாட விடுங்கள், பின்னேரம் மூடுபனி இறங்கும் முன் யன்னலைச் சாத்திவிட வேண்டும். வெளிச்சுவரோடு ஒட்டிக் கிடக்கும் கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், சுவர்ப் பக்கம் மெத்தையில் கறுப்புப் புள்ளி விழுவது அங்கேதான். கட்டிலுக்கு மூன்று செட் துணி வேண்டும், ஒன்று விரித்திருக்க, ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில். இரண்டு செட்டை வைத்துச் சமாளிப்பவர்கள்தான் அரைக்காய்ச்சல் பெட்சீட்டை விரிக்கிறார்கள். கையில் காசு இல்லாவிட்டால் ஓர் அறையை ஒரு நாள் பூட்டி வையுங்கள், ஆனால் ஈரத் துணியில் மட்டும் யாரையும் படுக்க வைக்காதீர்கள்.

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் மலைநாட்டுக்குப் போக நினைக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, வீசிங் இருக்கிறது. தங்கும் இடத்துத் தலையணையால் கூடுமோ என்று மனைவி பயப்படுகிறா.
வாசகர், மட்டக்களப்பு

பதில்: தம்பி, மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தூசிப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தைத்தான் உறிஞ்சி வாழ்கிறது, ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து சாகும், மலையில் பெரும்பாலான நாட்கள் அதற்கு மேலேதான். அதன் எச்சம்தான் பிள்ளைக்கு இழுப்பைக் கிளப்புவது. பிள்ளையின் சொந்தத் தலையணையையும் போர்வையையும் கொண்டு போய்விடுங்கள், இதைவிடச் சுலபமான வழி இல்லை. அறை பேசும்போது தரையில் கார்ப்பெட் இருக்கிறதா, கம்பளி கடைசியாக எப்போது துவைத்தது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஓகஸ்டில் நுவரெலியா, ஹட்டன் பக்கம் மழையாக இருக்கும், பண்டாரவளை, எல்ல பக்கம் பிள்ளைக்குக் கொஞ்சம் சுகம். குளிர் காற்றே சில பிள்ளைகளுக்கு வீசிங்கைக் கூட்டும், ஆகவே போகுமுன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பம்ப்பைப் பயணப் பையில் இல்லாமல் கையிலேயே வைத்திருங்கள்.

அறைக்குள் போனதும் பைகளைக் கட்டிலில் வைக்க வேண்டாம், குளியலறைத் தரையில் வைத்துவிட்டு மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பேனா முனையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி, அறையை மாற்றச் சொல்லுங்கள். அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம் மூக்கில் அடித்தால் கைக்குழந்தையோடு போகிறவர்கள் இன்னும் கவனம்: நப்தலீன் உருண்டையோடு வைத்த துணியும் போர்வையும், பரம்பரையாக ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியம்) குறைபாடு உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். விடுதிக்காரர்களும் இதைத் தயவுசெய்து மனதில் வைத்து, அந்த உருண்டையை அடியோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் ஒரு விடுதியில் துணி துவைக்கிறேன். கறை போகாவிட்டால் சம்பளத்தில் கழிக்கிறார்கள். மஞ்சள் கறையில் சவர்க்காரம் போட்டால் இன்னும் சிவந்து போகிறது. பிளீச் போட்டுப் போட்டு கையெல்லாம் வெடித்துவிட்டது.
வாசகி, எல்ல

பதில்: சிவந்தால் பயப்படாதீங்க தங்கச்சி, சவர்க்காரத்தின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். அலசிவிட்டு நேர் வெயிலில் காயப் போடுங்கள், மஞ்சள் நிறத்தை வெயிலே தின்றுவிடும், பிளீச் தேவையில்லை. இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். பிளீச்சைக் கக்கூஸ் கழுவும் அசிட்டோடோ வினாகிரியோடோ ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வெடிப்பு ஆறும்வரை பிளீச்சைத் தொடாதீர்கள்.

உங்கள் முதலாளிக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். ஐயா, ரப்பர் கையுறையும் சுடுதண்ணீர் வைக்க விறகும் நீங்கள் கொடுக்க வேண்டியவை. விருந்தாளி போட்ட கறைக்குத் துவைக்கிற பிள்ளையின் சம்பளத்தைக் கழிப்பது அநியாயம், அதை உடனே நிறுத்துங்கள். கறை விழக்கூடாது என்றால் மேக்கப் துடைக்க, சப்பாத்துத் துடைக்க என்று அறைக்கு இரண்டு கறுப்புத் துவாய் வையுங்கள், வெள்ளைத் துவாயிலும் தலையணை உறையிலும் பாதிக் கறை குறையும்.